கைவிடலாமா, கைவிட வேண்டுமா?

பி.காம். படிக்கும் எனக்குக் கம்பெனிச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே கண்ணில் படுவது 'வைண்ட் அப்' என்ற சொல்தான். வைண்ட் என்றால் சுற்றுவது, அப் என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் கம்பெனியைக் கலைப்பது! வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டி இப்படிப் புதுப் பொருள் தருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள்.

இதற்கு முன்னால் மே, ஷல், கேன், மஸ்ட் போன்ற மோடல் வெர்ப் வந்து உட்காரும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 271-ஆவது பிரிவில் வருவது 'மே'. அதாவது தீர்ப்பாயம் கலைக்கலாம். அந்த இடத்தில் 'ஷல்' இருந்தால் கலைத்தே ஆக வேண்டும்.

விதிகள் இரண்டுதான். மோடலுக்குப் பின் வினை மாறாது: 'ஹி கேன் கிவ் அப்' சரி, 'கிவ்ஸ் அப்' தவறு. 'புட் ஆஃப்' போன்றவற்றில் 'இட்' வந்தால் நடுவில் நிற்கும்: 'மஸ்ட் புட் இட் ஆஃப்'.

நம் தமிழிலும் இது உண்டு. கை, விடு இரண்டும் சேர்ந்தால் கைவிடு. ஆங்கிலத்தில் முன்னால் வரும் 'கேன்', தமிழில் 'லாம்' என்று பின்னால் வருகிறது: கைவிடலாம். பிரெஞ்சில் இதற்கு 'ரெனோன்சே' என்று ஒரே சொல்.

இந்தச் சொல்லுக்கும் எங்கள் புதுச்சேரிக்கும் பழைய உறவு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. இங்குள்ள இந்தியர்கள் தங்கள் மரபுச் சட்டத்தைக் கைவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அது. வரலாம்தான், வர வேண்டும் அல்ல. அப்படிக் கைவிட்டவர்களுக்கு 'ரெனோன்சான்' என்றே பெயர் வந்தது.

பிறகு 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் ஆங்கில வடிவத்தைப் படித்தபோதுதான் எனக்கு இலக்கணம் உறைத்தது. இங்கே பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள்: இது 'ஷல்'. விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம்: இது 'மே'. சும்மா இருந்தவருக்கு 'ஷல்' வேலை செய்தது. 'மே' வேலை செய்ய வேண்டுமானால் அவரே எழுந்து போய் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஊரில் பிறந்தவர்கள் இருவேறு நாட்டுக் குடிமக்கள் ஆனது இப்படித்தான்.

1965-இல் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தமிழ் ஆட்சிமொழியானது, ஆங்கிலத்தையும் பயன்படுத்தலாம் என்றானது. அங்கேயும் ஒரு 'லாம்'!

ஆகவே நண்பர்களே, சட்டமோ ஒப்பந்தமோ எதைப் படித்தாலும் முதலில் மோடலுக்கு அடிக்கோடு போடுங்கள். அடுத்து வினையையும் அதோடு ஒட்டிய சின்னச் சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துப் படியுங்கள். பரீட்சையில் தவறவிட்டால் போவது இரண்டு மதிப்பெண். 1962-இல் தொடங்கிய அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டவருக்குப் போனது ஒரு குடியுரிமை.