நீளமான வார்த்தையும் சேலத்துச் சங்கமும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு சயின்ஸ் வார்த்தைகளோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது எங்க சேலத்துக் கதை.

'போட்டோசிந்தசிஸ்' என்பதை ஸ்கூலில் எப்படிப் படித்தோம்? போட்-டோ-சின்-த-சிஸ் என்று அஞ்சு துண்டாக்கி, சேர்த்துச் சொல்லி மனப்பாடம் செய்தோம். வாயில் வந்துவிடும், அர்த்தம் மட்டும் வராது. ஏனென்றால் வெட்டியது மூச்சுக்காக. போட்டோ, சிந்தசிஸ் என்று இரண்டாக வெட்டினால்தான் பொருள் கிடைக்கும். கிரேக்கத்தில் முதலாவது ஒளி, அடுத்தது சேர்ப்பது. தமிழில் ஒளிச்சேர்க்கை! அகராதியே வேண்டாம்.

இந்த வசதிக்காகத்தான் 1916-ல், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி ஒரு சங்கம் தொடங்கினார். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தமில் சயன்டிபிக் டெர்ம்ஸ் சொசைட்டி'. வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் சொற்களை எளிய தமிழில் தருவது அதன் வேலை. அடுத்த வருஷமே, 1917-ல், அவர் சேலம் நகராட்சித் தலைவரும் ஆனார். பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்று தமிழில் ஒரு வேதியியல் புத்தகமே எழுதினார்.

அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன் இதைச் செய்திருக்கிறார். 1847-ல் வந்தவர், தமிழ் கற்று, மருத்துவ நூல்களை மொழிபெயர்த்து, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார்.

அப்படியானால் ஆங்கிலச் சொல்லே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. 'கரியமிலவாயு'வை வெட்டினால் கரி, அமிலம், வாயு. 'கார்பன் டை ஆக்சைடு'டில் உள்ள 'டை' என்றால் இரண்டு. ஆக்சிஜன் அணு எத்தனை என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் 'ஆக்சிஜன்' என்ற பெயருக்கு அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். லவாய்சியே அப்படி நினைத்துப் பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது! நம்ம 'பிராணவாயு' அந்தத் தப்பைச் செய்யவில்லை.

சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்ல யாரும் தடுமாறுவதில்லை. உச்சரிப்பு பழகினால் வந்துவிடும். அர்த்தம் அப்படித் தானாக வராது, யாராவது வெட்டிக் காட்ட வேண்டும். எனவே நண்பர்களே, எந்த நீளச் சொல்லையும் இரண்டு முறை வெட்டுங்கள்: ஒருமுறை நாக்குக்கு, ஒருமுறை மூளைக்கு. பரீட்சைக்கு முதலாவது போதும், படிப்புக்கு இரண்டாவதும் வேண்டும்.