காற்றில் பரவும் பூஞ்சைகள்

காற்றில் பரவும் பூஞ்சைகள் என்பவை தம் வித்துகளைக் காற்றின் வழியே அனுப்பிப் பெருகும் பூஞ்சை இனங்கள். வித்துகளின் அளவு பெரும்பாலும் 2 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை. வீட்டுக்கு உள்ளும் வெளியும் இவை எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் உள்ள பழையசீவரம் போன்ற நெல் விளையும் ஊர்களில் வயல், வைக்கோல் போர், மக்கும் இலைதழை, ஓதமேறிய சுவர் ஆகியவை இவற்றின் பிறப்பிடங்கள்.

ஆய்வு வரலாறு

இந்தியாவில் இவற்றைப் பற்றிய ஆய்வு கல்கத்தாவில் தொடங்கியது. டேவிட் டக்ளஸ் கன்னிங்காம் அந்நகரச் சிறைகளில் காற்றைப் பிடித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கண்டவற்றை 1873இல் படங்களுடன் வெளியிட்டார். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆய்வாளர் ஹர்ஸ்ட் 1952இல் அறிமுகப்படுத்திய வித்துப் பொறி, நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுத்து, எந்த மணியில் எந்த வித்து பறந்தது என்பதையும் காட்டியது. சென்னை நகரக் காற்றின் பூஞ்சைக் கணக்கெடுப்பு ஒன்றை விட்டல், கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் 1988இல் வெளியிட்டனர்.

வெளிக்காற்று

வித்துகள் பறப்பதற்கு நேரம் உண்டு. கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா போன்றவற்றின் உலர்ந்த வித்துகள் வெயிலேறிக் காற்று வீசும் பகலில் மிகும். காளான்கள் தம் வித்துகளை ஈரமான இரவிலும் விடியலிலும் மிகுதியாக உதிர்க்கும். நெல்லின் குலை நோய்ப் பூஞ்சையும் இரவிலேயே வித்துகளை விடும். பனி படிந்த இலையில் அவை முளைக்கும். இந்நோய் இந்தியாவில் முதலில் 1913இல் பதிவானது. 1919இல் தஞ்சைப் பகுதியில் பெரும் சேதம் விளைவித்தது.

வித்துகள் பறப்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று நெற்பழ நோய். கதிரில் சில மணிகள் மட்டும் உருண்டு பருக்கும். மேலே மூடிய வெண்சவ்வு கிழிந்ததும் ஆரஞ்சு நிறம் தெரியும். நாளடைவில் அது கரும்பச்சையாகும். தொட்டால் விரலில் மாவாக ஒட்டும். அறுவடையின்போது வித்துகளாலான அந்த மாவுதான் தூசியாக எழும்புகிறது. திருநெல்வேலியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு பூஞ்சையியலாளர் குக் 1878இல் இப்பூஞ்சையை விவரித்தார். நல்ல விளைச்சலின் அறிகுறி என்று நம்பியதால் இதற்கு லட்சுமி நோய் என்றும் பெயர் உண்டு. பயிருக்கு வாய்ப்பான ஈரமும் உரமும் பூஞ்சைக்கும் வாய்ப்பாவதே அந்த நம்பிக்கைக்குக் காரணம்.

உட்காற்று

வீட்டுக்குள் மிதக்கும் வித்துகளில் பெரும்பகுதி சன்னல், கதவு, உடை, செருப்பு வழியாக வெளியிலிருந்து வந்தவை. உலர்ந்த இடத்தில் விழுந்தவை முளைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரை ஒழுகும் இடம், வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்புறம், தரையில் கிடத்திய நெல் மூட்டையின் அடிப்பக்கம், காற்றுப் படாமல் மடித்து வைத்த பட்டுப்புடவை ஆகியவை ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றவற்றுக்கு விளைநிலமாகின்றன. ஒரே நேரத்தில் உள்ளும் புறமும் மாதிரி எடுத்து, வெளியில் குறைவாக உள்ள இனம் உள்ளே மிகுந்திருந்தால், அது வீட்டுக்குள்ளேயே வளர்கிறது என்று ஆய்வாளர் கொள்வர்.

உடல்நலம்

பெரிய வித்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லும். தும்மல், மூக்கொழுகல், ஆஸ்துமா ஆகியவை பொதுவான விளைவுகள். பூசணம் பிடித்த வைக்கோலையும் தானியத்தையும் தொடர்ந்து கையாள்வோருக்கு உழவர் நுரையீரல் என்ற அழற்சி வரலாம். பூஞ்சையோடு, வெப்பம் விரும்பும் சில பாக்டீரியாக்களும் அதற்குக் காரணம். நெல் தோகையோ உமியோ கண்ணில் கீறினால் பூஞ்சை விழிப்புண் வரக்கூடும். தமிழகத்தில் உழவர்கள் பார்வை இழக்க அது ஒரு முக்கியக் காரணம். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் பரவிய கருப்புப் பூஞ்சை நோய்க்கும் காற்றிலுள்ள சாதாரண வித்துகளே மூலம். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் அளவுமீறிய ஸ்டீராய்டும் உடலின் காப்பைத் தளர்த்தியபோதுதான் அவை உயிரைப் பறித்தன.

இருமலும் இரைப்பும் பழையசீவரம் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. அவ்வூருக்கு எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடல் கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனை ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. அதன் மருந்துப் பட்டியலில் வாசாஹரீதகி இடம்பெறுகிறது. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த இது இருமலுக்கும் இரைப்புக்கும் தரும் மருந்து.

தடுப்பு

வித்துகளைக் காற்றிலிருந்து முற்றாக நீக்க முடியாது. அவை முளைக்கத் தேவையான ஈரத்தை நீக்க முடியும். நெல்லை ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் காயவைத்து, மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்க வேண்டும். ஒழுகலை அடைக்காமல் சுவருக்கு வண்ணம் பூசுவது பூசணத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. போர் பிரிக்கும்போதும் களத்தில் தூற்றும்போதும் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிவது நல்லது. கண்ணில் கீறல் பட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் போன்றவற்றை ஊற்றாமல், அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.