11 செக்கன் பறந்த விளையாட்டுச் சாமான்

சின்ன வயசில நூல்கட்டைக்குள்ள ஒரு றப்பர் பாண்டைக் கோத்து, ஒரு பக்கம் மெழுகுதிரித் துண்டும் ஈர்க்கும் வைச்சு, முறுக்கி நிலத்தில விட்டிருப்பீங்கள். அது தானாக ஊர்ந்து போகும். எங்கட கையின்ர பலம் றப்பருக்குள்ள கொஞ்ச நேரம் தங்கியிருந்து மெல்ல மெல்ல வெளியில வருது, அவ்வளவுதான் விசயம். இதே விசயத்தை வைத்து 1871இல் ஒருவர் விமானம் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்களுக்கு 32 வருசம் முதல்.

அவர் பெயர் அல்போன்ஸ் பெனோ. 1850இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். கடற்படைக் குடும்பம். ஆனால் இடுப்பு நோயால் ஊன்றுகோலோடு நடக்க வேண்டியிருந்ததால் அவரால் கடற்படையில் சேர முடியவில்லை. கடல் இல்லையென்றானதும் வானத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் பறக்கும் மாதிரிகள் செய்தவர்கள் பெரும்பாலும் மணிக்கூட்டு உருக்குச் சுருளையே நம்பினார்கள். அது பாரம். முறுக்கிய றப்பரோ தன் நிறைக்கு உருக்கை விட மிக அதிக சக்தியைச் சேமிக்கும். இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியதுதான் பெனோவின் முதல் கெட்டித்தனம். 1870இல் றப்பரில் ஓடும் சிறிய ஹெலிகொப்டர் பொம்மை ஒன்றைச் செய்தார். அடுத்த வருசம், ஓகஸ்ட் 18ஆம் திகதி, பாரிசின் துய்லறி பூங்காவில் ‘பிளானோஃபோர்’ என்று அவர் பெயர் வைத்த மாதிரி விமானம் எழும்பியது. இறக்கை நுனிக்கு நுனி 46 சென்ரிமீற்றர். நிறை வெறும் 16 கிராம். புரொப்பெல்லர் பின்பக்கம் இருந்தது. 11 செக்கன் பறந்து, றப்பர் முறுக்குத் தீர்ந்ததும் இறங்கியது.

11 செக்கன் என்ன பெரிய விசயம் எண்டு நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஆளில்லாத விமானம் அது; காற்றில் தடுமாறினால் திருத்த உள்ளே ஒருவரும் இல்லை. தன்னைத் தானே திருத்த வேண்டும். அதற்காக இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்தார். வால் இறக்கையை, முன்னிறக்கையை விடக் கொஞ்சம் கீழ்நோக்கிய கோணத்தில் வைத்தார். மூக்கு குத்தினால் வேகம் கூடும்; வேகம் கூட வாலைக் காற்று கீழே அமத்தும்; மூக்கு திரும்ப நிமிரும். இண்டைக்கு விமானத்துக்கு வால் வைக்கிற கணக்கின் அடிப்படை இதுதான்.

வழமையாகச் சொல்லப்படுகிற கதையில் இதற்குப் பிறகு ரைட் சகோதரர்கள் வருவார்கள். 1878இல் தகப்பன் அவர்களுக்கு ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வருகிறார். வில்பருக்கு 11 வயசு, ஓர்வில்லுக்கு 7. அதிலிருந்து 1903 டிசம்பர் 17 வரை நேர்கோடு போடுவார்கள். எனக்கு அந்தக் கோட்டில் முழு நம்பிக்கை இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது பெனோவின் ஹெலிகொப்டர் வகைப் பொம்மை, பிளானோஃபோர் இல்லை. அதைப் பெரிதாகச் செய்து பார்த்தபோது சரிவரவில்லை என்று அவர்களே பின்னர் எழுதினார்கள். கடைசியில் அவர்கள் கட்டிய விமானம் தானாக நிதானமாகப் பறக்கவும் மாட்டாது. ஓட்டுபவர் நொடிக்கு நொடி பிடித்து வைத்திருக்க வேண்டும். பொம்மையிலிருந்து ஆசையை எடுத்தார்கள், வடிவத்தை எடுக்கவில்லை. அவர்களின் முதல் பறப்பு 12 செக்கன். பெனோவை விட ஒரு செக்கன்தான் கூட!

பெனோவுக்கு அந்த நாளைக் காணக் கிடைக்கவில்லை. 1876இல் போல் கொஷோ என்பவரோடு சேர்ந்து, நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய, சில்லுகளை உள்ளே மடிக்கக்கூடிய இருவர் விமானம் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். கட்டக் காசு கொடுக்க ஆளில்லை. 1880இல், 30 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பெனோவின் விமானத்தில் பால்சா மரம் இல்லை. பால்சா இந்தக் கதைக்குள் வருவது இருபதாம் நூற்றாண்டில், அமெரிக்காவில். பெருமந்த காலமான 1930களில் 10 சதத்துக்கு ஒரு பெட்டி: அச்சடித்த வரைபடம், பால்சாக் குச்சிகள், ரிசு பேப்பர், றப்பர். வரைபடத்தைப் பலகையில் விரித்து, குச்சிகளைக் குண்டூசியால் பிடித்து ஒட்டி, ரிசு பேப்பரால் மூடித் தண்ணி தெளித்தால், காயக் காய அது மேளத்தோல் மாதிரி இறுகும். வேலையில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் விமானம் எட்டின காலம். பிறகு யுத்தம் வந்தது. பால்சாவை உயிர்காப்பு மிதவைகளும், பிரித்தானியாவின் ‘மொஸ்கிற்றோ’ குண்டுவீச்சு விமானமும் எடுத்துக்கொண்டன. பிள்ளைகளின் பெட்டிக்குள் மட்டையும் பைன் மரமும் வந்தன.

பால்சா எக்குவடோரின் மரம். றப்பரும் அமேசன் பக்கத்து மரம்தான். பெனோ காப்புரிமை எடுத்த அதே 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 றப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் 1,900க்கு மேல் இலங்கைக்கு, கம்பஹாவின் ஹெனரத்கொடவுக்கு வந்தன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள். அங்கே பால் வெட்டினவர்களில் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட எங்கட சனமும் இருந்தது. 1930களில் உலக றப்பரில் மிகப் பெரும்பகுதி ஆசியத் தோட்டங்களில் இருந்து போனது. சிக்காகோவில் ஒரு பெடியன் முறுக்கின றப்பரில் கேகாலைப் பாலும் இருந்திருக்கலாம். விமான வரலாறு எழுதுபவர்கள் றப்பரைப் பற்றி எழுதுவார்கள், வெட்டின கையைப் பற்றி எழுதமாட்டார்கள்.

போன வருசம் வெளிநாட்டில இருக்கிற மாமா ஒரு பால்சாப் பெட்டி அனுப்பினவர். செய்து முடிக்க மூண்டு கிழமை. முதல் பறப்பில் வேலியில் மோதி ஒரு இறக்கை போச்சு. திருப்பி ஒட்டி, வாலுக்கடியில் ஒரு கடதாசித் துண்டு செருகினதும் முத்தத்தைத் தாண்டிப் பறந்தது. அம்மம்மா திண்ணையிலிருந்து பாத்துக்கொண்டிருந்தவ. யுத்த காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் அம்மாவையும் மாமாவையும் இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடினவ அவ. “சத்தமே போடாமல் போகுது” எண்டு மட்டும் சொன்னா. பிறகு தானும் ஒருக்கா முறுக்கிப் பாக்கோணும் எண்டு கேட்டா.