டிஸ்க் வளைந்ததா? பட்டறை அறிவின் வரலாறு குறித்து ஒரு குறிப்பு

தொம்மலூரில் பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று பிரேக் மிதிக்கையில் நடுங்கினால், 'டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கடைந்துவிடலாம்' என்னும் தீர்ப்பே முதலில் வரும். இத்தீர்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

1961இல் மதராஸில் தயாரிப்புக்கு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்பிட்ஃபயரும் நெருங்கிய உறவின. ஆயினும் ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரங்களில் டிஸ்க். நம் பட்டறைகள் பழகியதோ டிரம். வட்டம் கெட்ட டிரம்மைக் கடைந்தால் அதிர்வு நீங்கும். அவ்வறிவு பிழையன்று, இடம் மாறியதே சிக்கல்.

டிஸ்க் உண்மையில் வளைவது அரிது. ஹப்பின் பொருத்துமுகத்தில் படிந்த துரு அதனைச் சற்றே சாய்க்கிறது. சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரச, நாளடைவில் தடிமன் சீரிழக்கிறது; மிதியிலும் ஸ்டீயரிங்கிலும் உணரப்படுவது அதுவே. துருவை விட்டுவிட்டுக் கடைந்தால் நடுக்கம் மீண்டும் வரும். மாற்று கிடைத்தற்கரிய டிஸ்க்கும் மெலியும். ஆகவே முதலில் ஹப் முகத்தைச் சுரண்டித் துடைத்து, டயல் கேஜில் ஆட்டத்தையும் மைக்ரோமீட்டரில் தடிமனையும் அளக்க வேண்டும். லேத் அதன் பின்னரே.