படச்சுருள்களுக்கு ஒரு புகலிடம்

1922ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், சின்ன ஆசியாவின் பெருந் துறைமுகங்களுள் ஒன்றாகிய சிமேர்ணா தீக்கிரையாயிற்று. இன்று இஸ்மீர் என வழங்கும் அந்நகரிலே பிறந்து, எட்டு வயது நிரம்புமுன் அதனை இழந்து, பெற்றோருடன் பாரிஸ் வந்து சேர்ந்தான் ஒரு பிரெஞ்சுச் சிறுவன். ஹான்றி லாங்லுவா என்பது அவன் பெயர். பிற்காலத்திலே கையிற் கிடைத்த எதையும் எறிய மனமில்லாதவராக அவர் விளங்கியதற்கு, இளமையிற் கண்ட அத்தீயே காரணம் என்று கருதுவோர் உளர். அவர் சேர்த்துவைத்த பொருளோ தீயை எளிதில் அழைத்துவரும் பொருள்.

பாடசாலையிலும் பார்க்கப் படமாளிகையே அவரை அதிகம் கவர்ந்தது. பரீட்சையில் அவர் தேறவில்லை. அக்காலத்திலே சினிமாவுலகில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1927இல் அமெரிக்காவில் 'ஜாஸ் பாடகன்' வெளிவந்ததன் பின்னர், சில ஆண்டுகளுக்குள் பேசும்படம் எங்கும் பரவி, ஊமைப்படங்கள் விலைபோகாச் சரக்காயின. பழைய சுருள்களை உருக்கினால் அவற்றிலுள்ள வெள்ளியையும் செலுலோயிட்டையும் மீட்கலாம். ஆகவே, அவை நிறைகணக்கில் விற்கப்பட்டன. இதனைக் குற்றமென்று எவரும் எண்ணவில்லை. சினிமாவில் மாயக்காட்சிகளைப் புகுத்திய முன்னோடியாகிய ஜோர்ஜ் மெலியே, கடன் தொல்லையால் மனமுடைந்து, 1923இல் தம்முடைய மூலச்சுருள்களைத் தாமே எரித்துவிட்டு, மொன்பார்னாஸ் புகையிரத நிலையத்தில் விளையாட்டுச் சாமான் விற்று வாழ்ந்தார்.

இத்தகைய சூழ்நிலையில், 1935இல், லாங்லுவாவும் அவர் நண்பர் ஜோர்ஜ் பிரான்ஜுவும் ஒரு படக் கழகத்தை ஆரம்பித்தனர். பழைய படங்களைத் தேடிப்பிடித்துக் காட்டுவதே அதன் வேலை. மறு ஆண்டு அதுவே 'சினமாதெக் பிரான்செஸ்' என்னும் திரைப்படக் களஞ்சியமாயிற்று. ஆரம்பத்தில் இடமேது? பெற்றோர் வீட்டுக் குளிப்புத்தொட்டியிலும் சுருள்கள் கிடந்தனவாம். பின்னர் ஒர்லி என்னும் ஊரில், முதிய சினிமாத் தொழிலாளர் தங்கும் இல்லத்தின் வளவிலே ஒரு கட்டடம் கிடைத்தது. அவ்வில்லத்தில் வசித்தவர் மெலியே. தம் சுருள்களை எரித்த அம்முதியவரிடமே பிறருடைய சுருள்களைக் காக்கும் திறவுகோல் ஒப்படைக்கப்பட்டது. 1938இல் அவர் காலமானார்.

1940இல் ஜேர்மானியர் பாரிசைக் கைப்பற்றியபோது ஆபத்து வேறு வடிவில் வந்தது. ஆக்கிரமிப்பாளர் விரும்பாத அமெரிக்கப் படங்களும் சோவியத் படங்களும் பறிமுதலாகும் நிலை. லாங்லுவாவும் நண்பர்களும் அவற்றை வீடுகளிலும் நிலவறைகளிலும் ஒளித்துவைத்தனர். குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கூடச் சுருட்பெட்டிகளை இடம் மாற்றினர் என்று சொல்வர். பிடிபட்டிருந்தால் நேரக்கூடியதை அக்காலப் பாரிஸ்வாசிகள் நன்கறிவர்.

போர் ஓய்ந்தபின், 1948இல், மெசின் வீதியில் ஏறத்தாழ 60 பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு சிறு மண்டபம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு மாலையும் அடுத்தடுத்து மூன்று படங்கள். ஒரு நாள் டென்மார்க்குப் படம், மறுநாள் யப்பானியப் படம், அதன் பின் விமர்சகர் கண்ணெடுத்தும் பாராத அமெரிக்க மாட்டுக்காரர் கதை. உயர்ந்தது, தாழ்ந்தது என்று முன்கூட்டித் தீர்ப்பளிக்க லாங்லுவா மறுத்தார். 1915ஆம் ஆண்டளவில் பொதுசனப் பொழுதுபோக்கென இகழப்பட்ட பெயாட்டின் குற்றக்கதைத் தொடர்களை அவர் மீண்டும் திரையிட்டார். மறக்கப்பட்டிருந்த நடிகை லூயிஸ் புறூக்சை 1958இல் பாரிசுக்கு வரவழைத்துக் கௌரவித்தார். பிறநாட்டுப் படங்கள் பலவேளைகளில் மொழிபெயர்ப்பு வாசகமின்றியே காட்டப்பட்டன. மொழி விளங்காமற் பார்த்தவர்கள் காட்சியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கப் பழகினர். அவ்வாறு நிலத்திற் குந்தியிருந்து பார்த்த இளைஞருள் திறுபோ, கொடார், றிவெற் ஆகியோர் இருந்தனர். 1959இல் திறுபோவின் '400 அடிகள்' வெளிவந்தபோது, எந்தச் சினிமாக் கல்லூரியிலும் படியாத ஒரு தலைமுறை உருவாகிவிட்டதை உலகம் அறிந்தது.

அதே ஆண்டு யூலை மாதத்தில், கூர்செல் வீதியிலிருந்த களஞ்சியக் கட்டடத்தில் தீப்பற்றியது. பழைய சுருள்கள் நைத்திரேற்றுச் செலுலோயிட்டினால் ஆனவை. வெடிமருந்துக்கு உதவும் பஞ்சுக்கு நெருங்கிய உறவுடைய பொருள். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஸ்றோஹைமின் 'தேனிலவு' என்னும் படத்தின் எஞ்சிய ஒரே பிரதி அவ்விபத்தில் அழிந்தது என்பர்.

இவ்விடத்தில் லாங்லுவாவின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவரிடம் ஒழுங்கான பதிவேடு இல்லை. எந்தச் சுருள் எங்கே உள்ளது என்பது பெரும்பாலும் அவர் நினைவில் மட்டுமே இருந்தது. இலண்டன் களஞ்சியத்தின் தலைவர் ஏணெஸ்ற் லின்கிறென், ஒரே பிரதியாயுள்ள படத்தைத் திரையிடலாகாது என்னும் கொள்கையினர். காட்டினால்தான் படம் உயிர்வாழும் என்பது லாங்லுவாவின் பிடிவாதம். பாதுகாப்பு நோக்கில் லின்கிறென் சொன்னதே சரி. ஆயின், கொடாரும் திறுபோவும் தோன்றியது பாரிசிலேயன்றி இலண்டனிலன்று.

1968 பெப்ரவரி 9ஆம் திகதி, பணிப்பாளர் பதவியிலிருந்து லாங்லுவா நீக்கப்பட்டார். நிருவாகச் சீர்கேடு என்பதே அரசாங்கத்தின் வாதம்; கலாசார அமைச்சராயிருந்தவர் நாவலாசிரியர் அன்றே மல்றோ. அரச பணம் பெறும் நிலையத்திலே கணக்குக் கேட்பதில் தவறில்லை. ஆனால், களஞ்சியத்தை உருவாக்கிய மனிதரையே வெளியேற்றியதைக் கலைஞர்கள் பொறுக்கவில்லை. 14ஆம் திகதி சையோ மாளிகை முன் கூடியவர்கள் மீது பொலிசார் தடியடி நடத்தினர். சப்ளின், பிறிற்ஸ் லாங், றொசெலினி முதலிய மேதைகளிடமிருந்து கண்டனங்கள் குவிந்தன. தங்கள் படங்களைப் புதிய நிருவாகம் திரையிடலாகாது எனப் பலர் தடைவிதித்தனர். காட்டப் படமில்லாத களஞ்சியத்தால் அரசாங்கத்துக்கு என்ன பயன்? ஏப்ரல் மாதத்தில் லாங்லுவா மீண்டும் பதவியேற்றார். ஆயினும், அரசாங்கம் மானியத்தைச் சுருக்கிக்கொண்டு, 1969இல் பூவா தார்சி என்னும் இடத்திலே தனக்கென ஒரு படச்சுவடிக் கூடத்தை நிறுவியது.

பணமுடைக்கிடையே 1972இல் சையோ மாளிகையில் அவர் ஒரு சினிமா நூதனசாலையை அமைத்தார். ஹிச்கொக் தமது 'சைக்கோ' படத்தில் உபயோகித்த தாயின் தலையையும் அதற்கு அன்பளிப்பாகத் தந்தார். 1974இல் ஹொலிவூட் அவருக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது அளித்தது. 1977 சனவரி 13ஆம் திகதி லாங்லுவா காலமானார்.

1980 ஆகஸ்ட் மாதத்தில், பாரிசுக்கு வெளியே லே பொந்தெல் என்னும் இடத்திலிருந்த சினமாதெக்கின் சேமிப்பறைகளிலே மீண்டும் தீ மூண்டது. ஆயிரக்கணக்கான சுருள்கள் எரிந்தன. அவற்றுள் எவை வேறெங்கும் பிரதியில்லாதவை என்று முழுமையாகக் கூற எவராலும் இயலவில்லை.