பதிமூன்று வயதுக்கு மூன்று பவுன்

எங்கள் தெரு அக்கா ஒருவர் நர்ஸ். வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பதினைந்து வருசம் ராத்திரி டூட்டி பார்த்தவர். வீட்டுக்காரர் இல்லை. ஒரே பையன். அவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. விசா பாரம் நிரப்ப என்னைக் கூப்பிட்டார். தமிழ் எம்.ஏ. படித்தவளை இங்கிலீஷ் பாரம் நிரப்பக் கூப்பிடுகிற நிலைமையில்தான் எங்கள் காலனி இன்னும் இருக்கிறது.

மகன் பிறந்த தேதியைக் கேட்கிற இடம் வரைக்கும் பாரம் ஒழுங்காகப் போனது. பையனுக்குப் பதினேழு வயசு முடிந்து பதினோரு மாசம். விண்ணப்பம் போடுகிற அன்றைக்குப் பதினெட்டு நிரம்பியிருந்தால் அவன் அம்மாவோடு போகிற பிள்ளை இல்லை, தனி ஆள். வேலை கொடுப்பவர்கள் அனுப்ப வேண்டிய ஒரு காகிதம் வரவில்லை. அக்கா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பதினெட்டு வருசமா எம் புள்ள. ஒரு நாள் தள்ளிப்போனா அவன் எம் புள்ள இல்லியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நம் சனங்கள் கேட்பது இது முதல் தடவை இல்லை என்பது மட்டும் தெரியும். நூறு வருசத்துக்கு மேலாகிறது. இடம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால்.

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களை நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கும், நிலக்கரிச் சுரங்கத்துக்கும், ரயில் பாதைக்கும் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்து மக்கள். ஐந்து வருச ஒப்பந்தம். கைநாட்டு வைத்துப் போனவர்கள்.

அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் இருக்கிற அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்கள். சாதிக் கட்டத்தில் 'பறையன்' என்று பதிவானவர்கள் ஏராளம். எல்லோரும் நம்மவர்கள் என்று நான் சொல்லவில்லை. மற்ற சாதிக்காரர்களும் போனார்கள், தெலுங்கு பேசுகிறவர்களும் போனார்கள். ஆனால் ஆண்டையின் வயலிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பிக்கக் கப்பல் ஏறிய சேரிச் சனங்களின் கூட்டம் அதில் பெரிது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று மேல்சாதிக்காரன் பயந்தான். போகாதா என்று ஏங்கியவர்கள் நாம். அதையும் பட்டியலில் எழுதித்தான் கப்பல் ஏற்றினார்கள்.

அந்த வயதுக் கட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். பிறந்த தேதியை எழுதி வைக்கிற வழக்கம் நம் சேரிகளில் ஏது? பஞ்சத்தில் பிறந்தான், பெருவெள்ளத்தில் பிறந்தாள் என்பதுதான் கணக்கு. என் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்து வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் மாதத் தேதிதான். நம் வயதை எப்போதும் வேறு யாரோதான் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும்?

வந்தது. ஐந்து வருசம் முடித்துக் கூலிகள் வெளியே வந்தார்கள். துண்டு நிலத்தில் காய்கறி போட்டார்கள், கூடை தூக்கி விற்றார்கள். வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கவில்லை. அவனுக்குக் கூலி வேண்டும், குடியானவன் வேண்டாம். 1895இல் சட்டம் போட்டான். இனிமேல் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் காலம் முடிந்ததும் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தத்தில் விழ வேண்டும். இரண்டும் முடியாது, சுதந்திரமாக இருப்பேன் என்றால் வருசத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும். நேட்டால் அரசு முதலில் கேட்டது 25 பவுன். வைஸ்ராய் எல்ஜின் பிரபு 3 பவுனுக்குச் சம்மதித்தார்.

3 பவுன் என்றால் எவ்வளவு? ஒப்பந்தக் கூலி முதல் வருசம் மாதம் 10 ஷில்லிங். வருசத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி, ஐந்தாம் வருசம் 14 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஆக 3 பவுன் என்பது முதல் வருசக் கூலியில் ஆறு மாத உழைப்பு.

இதோடு நிற்கவில்லை. 1903இல் இன்னொரு சட்டம். கூலிகளின் பிள்ளைகளும் வயது வந்ததும் 3 பவுன் கட்ட வேண்டும் என்றது. என்ன வயது தெரியுமா? ஆண் பிள்ளைக்குப் பதினாறு. பெண் பிள்ளைக்குப் பதிமூன்று. எட்டாம் வகுப்புப் படிக்கிற வயசு.

கைநாட்டு வைத்தவன் அப்பன். அந்தப் பிள்ளை எந்தக் காகிதத்திலும் கை வைக்கவில்லை. அம்மா இடுப்பில் கடல் தாண்டியிருக்கும், இல்லை கரும்புத் தோட்டத்து லயத்திலேயே பிறந்திருக்கும். பதிமூன்று முடிகிற அன்றைக்கு அதன் முன்னாலும் அதே மூன்று வழிகள். பார்த்தே இராத ஊருக்குக் கப்பல் ஏறு, இல்லையென்றால் அப்பன் விழுந்த ஒப்பந்தத்தில் நீயும் விழு, இல்லையென்றால் பணம் கட்டு. அப்பன், ஆத்தா, வயது வந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வருசம் 12 பவுன். 14 ஷில்லிங் கூலியில் ஒரு ஆள் பதினேழு மாதம் உழைத்தால்தான் அந்தத் தொகை. கட்ட முடியாதவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள், ஜெயிலில் போட்டார்கள். பாக்கிக்குப் பயந்து மறுபடி ஒப்பந்தத்தில் விழுந்தவர்கள் பலர். சட்டம் எதிர்பார்த்ததும் அதைத்தான். பிள்ளை வளர்வது பெற்றவர்களுக்குச் சந்தோசம். அந்த வீடுகளில் அதுவே கடனாக மாறியது.

இதை எதிர்த்தது யார்? பாடப்புத்தகம் காந்தி என்று சொல்லும். காந்தி 1894இல் தொடங்கிய நேட்டால் இந்தியன் காங்கிரஸில் சந்தா மாதம் 5 ஷில்லிங். வருசத்துக்குக் கணக்குப் போட்டால் அதுவும் 3 பவுன்தான்! வியாபாரிகளின் சங்கம் அது. கூலிக்காரன் எப்படி உறுப்பினர் ஆவான்? 1912இல் கோகலே வந்து மந்திரிகளைப் பார்த்தார். வரி போய்விடும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். வரி போகவில்லை. அதற்குப் பிறகுதான், 1913இல், 3 பவுன் வரி போராட்டக் கோரிக்கையில் ஏறியது.

கோரிக்கை வந்ததும் நடந்ததைப் பாருங்கள். டிரான்ஸ்வாலிலிருந்து பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லை தாண்டி நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். அக்டோபரில் சுரங்கம் நின்றது. நவம்பர் 6ஆம் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். காந்தியே தந்த கணக்கு இது. காந்தியைக் கைது செய்து ஜெயிலில் போட்ட பிறகு போராட்டம் அடங்கவில்லை, கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. தலைவர் யாரும் போய் அழைக்காத தோட்டங்களிலும் கத்தியைக் கீழே போட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்தப் பெயர்களில் எத்தனை நம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன?

ஒரு பெயர் இருக்கிறது. தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள், ஒப்பந்தக் கூலி வீட்டுப் பெண் அல்ல. அந்த வரி அவள் தலையில் விழவில்லை. ஆனாலும் அம்மாவோடு ஜெயிலுக்குப் போனாள். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தாள். வயது பதினாறு. அவளுக்குச் சிலை வைத்தது சரி. ஆனால் பதிமூன்று வயதில் வரிச்சீட்டு வாங்கிய பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரி கூட இல்லை.

1914இல் சட்டம் போட்டு அந்த வரியை எடுத்தார்கள். பாக்கியையும் தள்ளுபடி செய்தார்கள். வேலையை நிறுத்திய கைகள்தான் அதை எடுக்க வைத்தன.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு வயது வந்த பிள்ளையை இழுத்துப் பிடித்தார்கள், இன்றைக்கு வாசலிலேயே நிறுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அளக்கிற கோல் ஒன்றுதான்: வேலைக்கு வருகிறவளின் கை வேண்டும், அவள் வயிற்றில் பிறந்தது கணக்குக்கு ஒத்து வந்தால் மட்டும் வரட்டும். அமெரிக்காவில் அந்தக் கோடு இருபத்தொன்றில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, இருபத்தொரு வயதில் பெற்றோர் விசாவிலிருந்து வெளியே விழுகிறார்கள். அவர்கள் அழுவது நியாயம்தான். அந்த அழுகை பத்திரிகையில் வருகிறது. ஆனால் 2024 மார்ச்சில் இங்கிலாந்து, முதியோரைக் குளிப்பாட்டித் துடைக்கிற வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த வயதுப் பிள்ளையையும் கூட்டிவரக் கூடாது என்றது. அந்த அழுகை எங்கே வந்தது? வேலை தாழ இருந்தால் தாயும் தாழ்ந்தவள் ஆகிவிடுகிறாள். இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன?

காகிதம் வந்தது. பதினெட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அக்காவின் பாரத்தை அனுப்பினோம். பையன் கேட்டான், "பத்து நாள் கழிச்சி வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" அக்கா, "போயிருக்க மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடன் இருக்குதே, போயிருப்பேன்" என்றார்.

நேட்டால் லயங்களில் இதே பேச்சு எத்தனை ராத்திரி நடந்திருக்கும்! அதை யாரும் எழுதி வைக்கவில்லை. வயதை மட்டும் எழுதி வைத்தார்கள். தோழர்களே, உங்கள் ஊரிலிருந்து கப்பல் ஏறியவர்களைப் பற்றிக் கிழவிகளிடம் கேளுங்கள். யார் கூடப் போனார்கள், எந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். அதை நம் கையால் எழுதுவோம்.