தகர டிக்கெட்

எங்கள் அப்பாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் தன் அப்பா கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய தகர வில்லையில் இருந்த எழுத்தை மட்டும் அடுப்புச் சாம்பலில் விரலால் கீறிக் காட்டும். அது ஆங்கில எழுத்து என்பது, நான் கோத்தகிரியில் பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1920 வாக்கில், ஐந்து வயதுப் பிள்ளையாக, துறையூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அப்பாயி இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனது. எந்தத் தோட்டம், எத்தனை நாள் பயணம், திரும்பி வர எவ்வளவு செலவாகும் என்று கிளம்பியவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆள் சேர்த்த கங்காணிக்குத் தெரியும். எந்தத் தோட்டம் என்பது அந்தத் தகரத்தில் இருந்தது.

இந்தத் தகர டிக்கெட் முறையை இலங்கை அரசாங்கம் 1901இல் கொண்டுவந்தது. வில்லையில் மாவட்டத்தைக் குறிக்க ஓர் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்க ஓர் எண்ணும் அடித்திருக்கும். கங்காணி அவற்றை மூட்டையாக வாங்கி வந்து, ஆள் சேர்த்த இடத்தில் கழுத்துக்கு ஒன்றாக மாட்டுவார். முகாமிலும் கப்பலிலும் ரயிலிலும் அதைப் பார்த்தே ஆளை ஏற்றி அனுப்புவார்கள். பயணி கையில் காலணா இருக்க வேண்டியதில்லை. செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கிலும், கங்காணி ஆளின் கணக்கிலும் எழுதிக்கொள்வார்கள். பேர் பதியும் முன்பே, ஒரு கொழுந்துகூடக் கிள்ளும் முன்பே, கடன் தொடங்கிவிடும். அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத்தான் ‘துண்டு’ என்று பெயர். துண்டில் உள்ள தொகையைக் கட்டும் தோட்டத் துரைக்கே ஆள் சொந்தம். 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

அதே காலத்தில் அதே கடலைத் தாண்டிய வெள்ளைக்காரர்களின் கையில் ஜான் மர்ரே நிறுவனத்தின் வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும், எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று அதில் இருக்கும். வழி சொல்ல ஆள் அதிகம் தேவைப்பட்டவர்கள் எங்கள் சனங்கள்தான். எங்களுக்கு ஒரு பக்கம்கூட யாரும் எழுதவில்லை.

தகரத்துக்கு முந்திய நிலைமை இன்னும் கொடுமை. காப்பித் தோட்டக் காலத்தில் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல் நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வந்தது. அந்த வழியில் போனவர்களைத் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு எல்லாம் மண்டபம் பக்கம் வந்துவிட்டது. எழும்பூரில் ரயில் ஏறியவர் கொழும்புக்கே டிக்கெட் எடுக்க முடிந்தது. கடல் வழி இருபத்துச் சொச்சம் மைல், இரண்டு மணி நேரம்.

இரண்டு மணி நேரக் கடலைத் தாண்டுவதற்கு எங்கள் ஆட்கள் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் கிடந்தார்கள். நோய் இலங்கைக்குள் போய்விடக் கூடாது என்ற பயம். அப்பாயிக்கு அந்த முகாம் நன்றாக ஞாபகம் இருந்தது. கட்டியிருந்த துணியை வாங்கிக்கொண்டு போய் ஆவியில் அவித்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். அவித்த பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிப்போய், அதற்காக அழுததைக் கிழவியான பிறகும் சொல்லும். கையில் அம்மை குத்திய தழும்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டும். வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லும். ஊரில் அது கிடைக்காமல்தானே கிளம்பினார்கள்.

அக்கரையில் முதலில் குழப்பியது காசு. இங்கே ரூபாய்க்குப் பதினாறு அணா, அங்கே ரூபாய்க்கு நூறு சதம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னதுதான் கணக்கு. ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பராவும், விடியற்காலையில் ஆள் எண்ணும் பிரட்டும் போய்ச் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டவை. இப்படி ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தே ஒரு நாட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடுத்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு விசா வந்தது. மாமன் மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போய் வருவதுகூட வெளிநாட்டுப் பயணம் ஆனது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. போன வழி இல்லாமல் போன பிறகு, திரும்பி வரச் சொன்னார்கள்.

நாங்கள் 1974இல் வந்தோம். எனக்கு எட்டு வயது. கோச்சி கிளம்பும்போது ஸ்டேஷன் முழுக்க ஒரே அழுகை. அதை ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னது சும்மா இல்லை. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். அப்பாவிடம் கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. இந்தத் தடவையும் எங்கே போகிறோம் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. மண்டபம் முகாமுக்குள் நுழைந்ததும் அப்பாயி நின்றுவிட்டது. கட்டடத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. “இங்கதான்டா துணிய அவிச்சாங்க” என்று அப்பாவிடம் சொன்னது. ஐம்பத்து நாலு வருஷம் உழைத்துவிட்டுப் பழைய முகாமுக்கே வந்து நின்றது. அன்று ராத்திரி அது சாப்பிடவில்லை.

பிறகு நீலகிரிக்கு அனுப்பினார்கள். அப்பாயி 1989இல் இறந்தது. சாம்பலில் எழுதிய எழுத்து எந்த எழுத்து என்று எனக்கு மறந்துவிட்டது. காகிதத்தில் குறித்து வைத்திருந்தால் எந்த மாவட்டம் என்றாவது தேடியிருக்கலாம். சில வருஷம் முன்பு என் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, முதலில் கேட்டது அந்தக் குடும்ப அட்டையைத்தான். கரையான் அரித்தது போக மீதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று தடவை அலைய விட்டார்கள்.

எங்களைப் போல் இலங்கையிலிருந்து வந்தவர்கள் கோத்தகிரி, கூடலூர், வால்பாறை என்று எங்கே இருந்தாலும், உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்த அட்டையோ பாஸ்போர்ட்டோ இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தாத்தாவும் அப்பாயியும் இருக்கும்போதே எந்தக் கிராமம், எந்தத் தோட்டம், எந்த வருஷம், எந்தக் கப்பல் என்று கேட்டு எழுதி வையுங்கள்.